அம்மை சொன்ன நாரத்தங்காய்

போன ஆவணியில் ஒரு நாள் வடசேரி கனகமூலம் சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு வியாபாரியின் சாக்கு விரிப்பில் நாரத்தங்காய் இரண்டு குவியலாகக் கிடந்தது. ஒன்றில் ஆரஞ்சு அளவில் உருண்டைக் காய்கள். மற்றதில் நீளவாக்கில் பெரிய காய்கள், தோலெல்லாம் மேடும் பள்ளமும்.

"இது ரெண்டும் என்ன காய்?" என்று கேட்டேன்.

"ரெண்டும் நாரத்தங்காதான் சாரே. ஒரே வெலதான். எத வேணும்னாலும் எடுங்கோ."

இரண்டிலும் இரண்டிரண்டு காய் வாங்கிக்கொண்டேன். அந்த வியாபாரி சொன்ன அதே பதிலை ஐம்பது வருடத்துக்கு முன்னால் நானும் சொல்லியிருக்கிறேன். என் அம்மையிடம், கலியாண வீட்டில், பத்துப் பேர் முன்னால். அதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

1974-ல் அக்காவுக்குக் கலியாணம். நான் பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு தாழக்குடியில். மாப்பிள்ளை வீடு கடுக்கரையில், மலையடிவாரம். எங்கள் பக்கத்து அடியந்திரங்களில் இலை போட்டதும் முதலில் விளம்புவது தொடுகறிகள். சோறு வருவதற்கு முன்பே விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். நாரத்தங்காய்ப் பச்சடி நன்றாக இருந்தால் தவசிப்பிள்ளை தேறிவிட்டார் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டுப் புறவாசலில், அங்கணத்துத் தண்ணீர் பாய்கிற இடத்தில், ஒரு நாரத்தை நின்றது. அக்கம்பக்கத்து விசேஷங்களுக்கெல்லாம் அந்த மரத்துக் காய்தான் போகும். அந்த வருடம் பார்த்து காய்ப்பு குறைவு. அதைக் கேள்விப்பட்டு மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே தங்கள் விளையில் பறித்த காய் அரைச்சாக்கு கொடுத்தனுப்பினார்கள். பிரியமாகத்தான்.

ஆக்குப்புரையில் சாக்கை அவிழ்த்ததும் அம்மை ஒரு காயை எடுத்து நகத்தால் கீறி மோந்து பார்த்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள். "மக்களே, இது நாரத்தங்கா இல்ல. கிடாரங்காயாக்கும். ஊறுகா போடலாம், பச்சடிக்கு ஆவாது. தவசிப்பிள்ளகிட்ட பக்குவமாச் சொல்லு."

நான் பக்குவமாகச் சொல்லவில்லை. "எம்மா, ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டுக்கும் சிட்ரஸ் மெடிக்காண்ணுதான் பேரு. புஸ்தகத்துல போட்டிருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சாக்கில் ஒட்டியிருந்த ஒரு கொத்து இலையை அம்மை எடுத்துக் காட்டினாள். "எலயப் பாருலே. நம்ம மரத்து எலைக்குக் காம்புல ஒரு குட்டி எல ஒட்டியிருக்கும். இது மொட்டக் காம்பு. இதுக்க மொட்டும் செவந்திருக்கும், நம்மது வெள்ள. நம்மது நல்ல சாதி, இது காட்டுச் சாதி."

"எலயப் பாத்துச் சாதி பிரிக்கதுக்கு நீ என்ன புரொபசரா?" என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமனும் அங்கே நின்றிருந்தார். சம்பந்தி வீட்டுக் காயை ஒதுக்கினால் மரியாதையாக இருக்காது என்று தவசிப்பிள்ளைக்கும் பட்டிருக்கும். அந்தக் காயையே நறுக்கிவிட்டார்.

மறுநாள் பந்தியில் இலை எடுக்கும்போது பார்த்தேன். பச்சடி வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. தடித் தோலும் வெள்ளைச் சதையுமாக, சாறே இல்லாமல், வெல்லத்தில் வெந்த பூசணிக்காய் மாதிரி. மறுவீட்டுக்குக் கடுக்கரை போனபோது ஒரு பெரியம்மை எல்லார் முன்னாலும் சொன்னாள்: "எல்லாம் நல்லாத்தான் இருந்துது. பச்சடிதான் வாயில வைக்கக் கொள்ளாது." அது அவர்கள் விளைக் காய் என்று அம்மை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஆமா, இந்த வருசம் காய் சரியில்ல" என்று முடித்துக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடமும் ஒன்றும் சொல்லவில்லை. 1996-ல் சாகும் வரை சொல்லவில்லை.

பிறகு நானே தாவரவியல் ஆசிரியரானேன். பாடம் நடத்த நடத்தத்தான் தெரிந்தது, எலுமிச்சைக் கூட்டத்தில் பெரிய பெரிய புரொபசர்களே ஒத்துப்போகவில்லை என்று. அமெரிக்காவின் ஸ்விங்கிள், சிட்ரஸ் இனங்கள் 16 என்றார். ஜப்பானின் தனாகா 162 என்றார். மரம் அதே மரம், காய் அதே காய். ஒருவர் ஒன்றாகச் சேர்த்ததை மற்றவர் பத்தாகப் பிரித்தார். நம் தமிழ்ப் புத்தகங்களிலும் இதே குழப்பம்தான். நாரத்தை என்ற பெயருக்கு ஒரு புத்தகம் சிட்ரஸ் மெடிக்கா என்று போடும். இன்னொன்று சிட்ரஸ் ஆரன்ஷியம் என்று போடும். கையில் முதலில் கிடைத்த புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் அன்று நான் அம்மையிடம் வாதாடியிருக்கிறேன்.

அக்கா கலியாணம் முடிந்து ஓரிரு வருடத்தில், 1975, 76-ல், ஸ்கோரா என்பவரும், பாரெட், ரோட்ஸ் என்ற இருவரும், அடிப்படை இனங்கள் மூன்றுதான் என்று எழுதினார்கள். கிடாரை, பம்பளிமாசு, கமலா ஆரஞ்சின் மூதாதையான மாண்டரின். நாம் தின்கிற மற்றதெல்லாம் இவை கலந்து பிறந்தவை என்பது அவர்கள் கணிப்பு. இலை, பூ, காய், எண்ணெய் என்று வெளியே தெரிவதை வைத்துச் சொன்னது. உள்ளே பார்த்து உறுதி செய்ய டி.என்.ஏ. படிக்கும் காலம் வர வேண்டியிருந்தது.

அது வந்தது நான் ஓய்வு பெற்ற பிறகு. 2013-ல் சீனாவின் வூஹான் நகர ஆய்வாளர்கள் சாத்துக்குடி இனமான இனிப்பு ஆரஞ்சின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்து வெளியிட்டார்கள். 2014-ல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து மாண்டரின், பம்பளிமாசு, ஆரஞ்சு வகைகளை ஒப்பிட்டார்கள். 2018-ல் நேச்சர் இதழில் 60 மரங்களின் டி.என்.ஏ.வை வைத்து ஒரு பெரிய கட்டுரை வந்தது. மகள் அச்செடுத்துக் கொடுத்தாள். ஒரு மாதம் வைத்துப் படித்தேன்.

அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை நம் ஊர் வழியில் சொல்கிறேன். தோவாளையில் இரட்டைச் சரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சிட்ரஸ் செடியின் ஒவ்வொரு செல்லிலும் 9 ஜோடிக் குரோமோசோம்கள். ஒவ்வொரு ஜோடியும் ஓர் இரட்டைச் சரம். ஒரு சரம் தாய் கொடுத்தது, ஒரு சரம் தகப்பன் கொடுத்தது. கிடாரையின் டி.என்.ஏ.வில் அதற்கே உரிய எழுத்து வரிசைகள் உண்டு. அதை அரளி என்று வையுங்கள். பம்பளிமாசுக்கு உரியது மல்லிகை. மாண்டரினுக்கு உரியது செவ்வந்தி. ஒரு மரத்தின் சரங்களைப் பிரித்து எந்த இடத்தில் எந்தப் பூ என்று பார்த்துக்கொண்டே போனால் அது யார் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

சிட்ரஸ் ஆரன்ஷியம் என்கிற புளிப்பு ஆரஞ்சில், 9 ஜோடியிலும் ஒரு சரம் முழுக்க மல்லிகை, மறுசரம் செவ்வந்தி. அதாவது பம்பளிமாசுக்கும் மாண்டரினுக்கும் நேராகப் பிறந்த பிள்ளை. இனிப்பு ஆரஞ்சிலும் இதே இரண்டு பூதான், ஆனால் பல தலைமுறை கலந்து சிக்கலாகக் கிடக்கிறது. உலகத்தில் உள்ள அத்தனை இனிப்பு ஆரஞ்சும், நம் சாத்துக்குடி, வெளிநாட்டு நேவல், வலென்சியா எல்லாம், ஒரே மரத்திலிருந்து ஒட்டுக் கட்டிப் பெருகி, அங்கங்கே சின்னச் சின்ன மாற்றம் வந்தவை.

தாய் யார், தகப்பன் யார் என்பதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்துக்குத் தனியாக ஒரு டி.என்.ஏ. உண்டு. அது மகரந்தம் வழியாக வருவதில்லை, தாயிடமிருந்து மட்டும்தான் வரும். கவிமணி பாடிப் பரிகசித்த மருமக்கள்வழி நம் நாட்டில் கொல்லம் 1101-ல் வந்த சட்டத்தோடு முடிந்துபோனது. செடிகளுக்குள் பச்சைச் சொத்து இன்னும் தாய்வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

இந்தச் சாட்சியை வைத்துப் பார்த்தால், கிடாரை கலந்த இடத்திலெல்லாம் அது தகப்பனாகவே நிற்கிறது. நாம் தினமும் பிழிகிற சின்ன எலுமிச்சையின் தகப்பன் கிடாரை. தாய் மைக்ராந்தா என்ற பிலிப்பைன்ஸ் தீவுச் செடி. இரண்டும் எங்கே சந்தித்தனவோ, புளியங்குடிச் சந்தையில் மூட்டை மூட்டையாக ஏலம் போகிற காயில் ஒரு தீவுக்காரத் தாயின் பச்சை இருக்கிறது.

இவ்வளவுக்கும் ஆதி ஊர் எது? இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம் என்கிறது அந்த 2018 கட்டுரை. கிழக்கு அசாம், வட பர்மா, மேற்கு யுன்னான். சுமார் 60 லட்சம் முதல் 80 லட்சம் வருடங்களுக்கு முன்னால் பருவமழை வலுவிழந்து நிலம் காய்ந்தபோது, ஒரே மூதாதையிலிருந்து இனங்கள் வேகமாகப் பிரிந்து பரவின என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சாரல் தப்பினால் தவித்துப்போகிற நம் ஊர்க்காரனுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. ஒரு மழைக்குறைவு இத்தனை பழங்களைக் கொடுத்திருக்கிறது.

பழம் வடகிழக்கிலிருந்து வந்தாலும் பேர் நம் பக்கத்திலிருந்து போயிருக்கிறது. நாரத்தை, மலையாளத்து நாரங்கா, வடமொழி நாரங்கம், பாரசீக நாரங்க், அரபி நாரஞ்ச், ஸ்பானிய நராஞ்சா, கடைசியில் ஆரஞ்சு. மூலம் திராவிடச் சொல்லாக இருக்க வேண்டும் என்று மொழியறிஞர் பலர் சொல்கிறார்கள்.

சந்தையில் வாங்கின நான்கு காயையும் வீட்டில் மேசைமேல் வைத்தேன். டி.என்.ஏ. பார்க்க என்னிடம் என்ன இருக்கிறது? கத்தி இருக்கிறது, கண் இருக்கிறது. வெட்டினேன். நீளக் காயில் முக்கால் பங்கு வெள்ளைத் தோல், நடுவில் கொஞ்சம் சுளை. உருண்டைக் காயில் தோல் மெலிவு, சாறு வழிந்தது. வியாபாரி மூடிப்போட்டிருந்த இலைகளையும் கேட்டு வாங்கி வந்திருந்தேன். ஒன்றில் காம்போடு ஒட்டிய குட்டி இலை. மற்றது மொட்டைக் காம்பு. தாவரவியலில் இதைச் சிறகுக் காம்பு என்போம். பம்பளிமாசுக்கு அகலச் சிறகு, அதன் பிள்ளை புளிப்பு ஆரஞ்சுக்கு நடுத்தரச் சிறகு, கிடாரைக்குச் சிறகே கிடையாது. மொட்டின் நிறமும் அம்மை சொன்னபடியேதான். கிடாரைக்குச் செவ்வூதா, புளிப்பு ஆரஞ்சுக்கு வெள்ளை.

இன்னொரு சோதனையும் செய்தேன். இரண்டு வகையிலும் 12 விதை எடுத்து, வெட்டின பால் கவர்களில் மண் போட்டு மொட்டைமாடியில் வைத்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நீளக் காயில் 8 விதை முளைத்தது, ஒவ்வொன்றிலும் ஒரே முளை. உருண்டைக் காயில் 9 முளைத்தது. அதில் 5 விதையில் இரண்டும் மூன்றுமாகக் கன்றுகள் வந்தன.

ஒரு விதைக்குள் பல கரு இருப்பதை லேவன்ஹூக் 1719-லேயே ஆரஞ்சு விதையில் பார்த்து எழுதிவிட்டார். அதில் ஒன்றுதான் மகரந்தம் சேர்ந்து பிறந்த பிள்ளை. மற்றவை சூலைச் சுற்றியிருக்கும் தாயின் திசுவிலிருந்தே முளைப்பவை. தகப்பன் கலப்பே இல்லாத தாயின் நகல். எலுமிச்சை, புளிப்பு ஆரஞ்சு, சாத்துக்குடிக்கு இந்தக் குணம் உண்டு. கிடாரைக்கும் பம்பளிமாசுக்கும் இல்லை. இதற்குக் காரணமான மரபணுவையும், அதன் முன்பக்கத்தில் செருகிக்கொண்ட ஒரு சின்ன டி.என்.ஏ. துண்டையும் 2017-ல் வூஹான்காரர்கள் கண்டுபிடித்தார்கள்.

இந்தப் பாடத்தை நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். முப்பது வருடம் கரும்பலகையில் படம் போட்டிருக்கிறேன். "நம்ம நாரத்தைக்கு ஒட்டு வேண்டாம், விதை போட்டா அதே மரம்தான் வரும்" என்று அம்மை சொல்லிக்கொண்டிருந்ததையும் கேட்டிருக்கிறேன். இரண்டையும் ஒரு நாளும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஆக, என் கண்ணுக்குத் தெரிந்த வரையில், எங்கள் புறவாசலில் நின்றது புளிப்பு ஆரஞ்சு. கடுக்கரையிலிருந்து வந்தது கிடாரை. இரண்டும் வேறு வேறு என்று அம்மை சொன்னது சரி, ஒன்றுதான் என்று நான் சொன்னது தப்பு. ஆனால் அம்மையும் ஒரு இடத்தில் தப்பித்தான் இருக்கிறாள். நம்மது நல்ல சாதி, அது காட்டுச் சாதி என்றாளே, அது தலைகீழ். கலப்பில்லாத ஆதிக்குடி கிடாரை. நாங்கள் பெருமையாகக் கொண்டாடினது கலப்பு மணத்தில் பிறந்தது. பச்சடிக்கு அதுதான் வாய்த்தது.

கட்டுரையில் இன்னொரு வரியைப் படித்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன். வெளிநாட்டுக் கடைகளில் மஞ்சளாக, இரண்டு முனையும் கூம்பி, லெமன் என்று விற்கிறார்களே, அதன் தாய் புளிப்பு ஆரஞ்சு. தகப்பன் கிடாரை. தாழக்குடிப் பெண்ணும் கடுக்கரை மாப்பிள்ளையும்.

அடுத்த வாரமே கடுக்கரைக்குப் போனேன். அத்தான் இறந்து நாலு வருடமாகிறது. அக்கா திண்ணையில் இருந்தாள். சொன்னேன். "அப்போ எனக்க பிள்ளையளெல்லாம் லெமனாலே?" என்று கேட்டுச் சிரித்தாள்.

பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். கிணற்றடியில் ஒரு நாரத்தை நிற்கிறது. தலைப்பிள்ளைப் பேறு முடிந்து அவள் திரும்பிப் போகும்போது அம்மை சிரட்டையில் முளைக்கப் போட்டுக் கொடுத்துவிட்ட கன்று. எங்கள் வீட்டு மரம் 2003-ல் பாகம் பிரித்த பிறகு வீடு கட்டுவதற்காக வெட்டுப்பட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது, அது நின்ற இடம் அப்படி. அன்று நான் ஊரில் இல்லை. அம்மை நட்டது எதுவும் இனி இல்லை என்று நினைத்திருந்தேன். இலையைத் திருப்பிப் பார்த்தேன். காம்பில் குட்டி இலை. இந்த மரம் விதையிலிருந்த தாய்க் கருவில் முளைத்ததாக இருந்தால், அது எங்கள் மரத்தின் பிள்ளை அல்ல. எங்கள் மரமேதான்.

அக்காவிடம் பச்சடிக் கதையைக் கேட்டேன், அம்மை அன்றைக்கு ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று.

"எங்கிட்டச் சொன்னாளே" என்றாள் அக்கா. "அவன் படிக்கப்பட்ட பய. நாலுபேருக்கு முன்னால அவன் சொன்னது தப்புண்ணு ஆயிரப்பிடாதுண்ணு சொன்னா. அவனே ஒரு நாள் எலயப் பாப்பான்னா."

பார்க்க ஐம்பது வருடம் ஆகிவிட்டது.

அந்த மரத்தில் ஐந்து காய் பறித்துக்கொண்டு வந்தேன். பச்சடிக்கு மூன்று. இரண்டின் விதையை முளைக்கப் போட்டேன். ஒரு விதையில் மூன்று கன்று வந்திருக்கிறது. அதில் எது அம்மையின் மரம், எது புதுப் பிள்ளை என்று பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. மூன்றையும் தனித்தனித் தொட்டியில் மாற்றி வைத்திருக்கிறேன். காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும்.